பழைய வெப்லியை விலை பேசும் முன்

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் இருந்த வெப்லி மார்க் 6 ரிவால்வர், 1915இல் படைக்கு வந்தது. அமெரிக்காவில் இன்றும் அது கைமாறிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் வைப்பதற்காக வாங்குபவர்கள் ஒருபுறம். சுடுதளத்துக்கு எடுத்துச் செல்ல வாங்குபவர்கள் மறுபுறம். இந்த இரண்டாம் வகையினர் பார்க்க வேண்டியவை வேறு.

விற்பவர் முதலில் காட்டுவது பளபளப்பைத்தான். அதில் மயங்க வேண்டாம். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், யாரோ துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே புதிதாகக் கறுப்பேற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

ரிவால்வரின் உயிர் அதன் சுழல் உருளையில் இருக்கிறது. குழல் ஒன்று, தோட்டா அறைகள் ஆறு. விசையை இழுக்கும்போது ஒரு சிறு நெம்பு, உருளையின் பின்பக்கப் பற்களைத் தள்ளி அதை 60 பாகை திருப்புகிறது. உடனே கீழிருந்து ஒரு தடுப்பு எழுந்து பள்ளத்தில் பொருந்தி உருளையை நிறுத்துகிறது. அந்த நொடியில் அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஈயக் குண்டு குழலின் விளிம்பில் உரசும்; சீவப்பட்ட ஈயத்துணுக்கு பக்கவாட்டில் தெறித்து, அருகில் நிற்பவர் முகத்தில் படும்.

சோதிப்பது எளிது. ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள். சுத்தியலை, அதாவது பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கும் பாகத்தை, கட்டைவிரலால் தாங்கி, விசையை முழுவதும் இழுத்துப் பிடித்தபடியே உருளையை இடவலமாகத் திருகிப் பாருங்கள். விசையை விட்ட நிலையில் கொஞ்சம் ஆடுவது வெப்லிக்கு இயல்புதான். இழுத்த நிலையில் ஆடினால்தான் கவலை. ஆறு பள்ளங்களும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதால் ஒன்றைப் பார்த்து நிறுத்தக் கூடாது.

இந்த ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும். திறந்தவுடன் ஆறு வெற்றுக்கூடுகளும் ஒன்றாக மேலெழுந்து விழும். வசதிதான், ஆனால் முன்னாலுள்ள கீலும் மேலுள்ள பூட்டுமே சுடும்போது எழும் உந்துதலை எல்லாம் தாங்குகின்றன. குழலையும் பிடியையும் எதிரெதிராக அசைக்கும்போது கீல் லொடலொடத்தால் வாங்காமல் கிளம்பிவிடலாம். குழலின் உட்புறக் குழிகளுக்கு நான் அவ்வளவு அஞ்ச மாட்டேன். பழைய தோட்டாக்களின் அடியில் பொறி எழுப்பும் மருந்து விட்டுச்சென்ற உப்பு அரித்தவை அவை. நொடிக்கு ஏறத்தாழ 190 மீட்டர் வேகத்தில் போகும் கனத்த ஈயக்குண்டு, அரித்த குழலிலும் பெரும்பாலும் ஒழுங்காகவே போகும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்த இந்த ரிவால்வர்களுக்கு உரிய .455 தோட்டா அங்கே அரிதாகவே கிடைத்தது. .45 ஏசிபி என்ற அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டாவோ எந்தக் கடையிலும் கிடைத்தது. எனவே வணிகர்கள் உருளையின் பின்முகத்தைச் சிறிதளவு கடைந்து எடுத்து, அரைநிலா வடிவ உலோகத் தகட்டில் கோத்த .45 தோட்டாக்கள் பொருந்தும்படி செய்தார்கள். உள்ளே போகிறது, வெடிக்கிறது, எல்லாம் சரிதானே என்று தோன்றும். .455 தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு; .45 ஏசிபிக்கு உச்ச வரம்பு 21,000. சுத்தியல் அடிக்கும் ஒவ்வொரு முறையும், உருளை தனக்கு விதித்ததைவிட அரைப் பங்குக்கும் மேல் கூடுதல் சுமையை ஏற்கிறது. ஒரே நாளில் வெடித்துவிட வேண்டும் என்பதில்லை. உலோகம் களைத்து, மெல்லிய சுவரில் விரிசல் விழுந்து, பிறகு ஒருநாள் பிளக்கலாம்.

கடைசல் பட்டதா என்று அறிய, தகட்டில் கோத்த, மருந்தில்லாத .45 போலித் தோட்டாவைச் செருகிப் பாருங்கள். பூட்டு தடையின்றி மூடினால் வெட்டிய உருளைதான். அதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும், கடையில் வாங்கும் சாதாரண .45 தோட்டாவைப் போட்டுச் சுடுவதே உங்கள் எண்ணம் என்றால் வாங்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் நிரப்பிய தோட்டாவை மட்டுமே அதில் போடலாம், அதுவும் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் உருளையை விரிசலுக்காகப் பார்த்துச் சொன்ன பிறகு.