இரைச்சலில் உதடு எதற்கு உதவுகிறது?

மாடு, நாடு. கூட்ட இரைச்சலில் யாராவது இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னால் எது என்று காதுக்குச் சட்டென்று பிடிபடாது. ம, ந இரண்டுமே மூக்கொலிகள். அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி மாற்றம் மிகச் சிறியது, கண நேரத்தில் முடிந்துவிடும், கொஞ்சம் இரைச்சல் வந்தாலே அடியில் போய்விடும். ஆனால் பேசுபவரின் வாயைப் பார்த்தால் சந்தேகமே இல்லை, ம-வுக்கு உதடு மூடியே ஆக வேண்டும், ந-வுக்கு மூடாது.

சரி, மாடு, பாடு? இங்கே கண் தோற்றுவிடும். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது, மூக்கு வழியாகக் காற்று போவதைக் காதுதான் கண்டுபிடிக்கும்.

ஆக, காது தடுமாறும் இடமும் கண் தடுமாறும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. இரைச்சல் கூடக் கூட முகத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் உதவியும் கூடுகிறது என்பதை 1954-லேயே சம்பி, பொல்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள்.

ஒலியையும் உதட்டசைவையும் சேர்த்து வைத்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும்போது முதல் தலைவலி நேரக் கணக்கு. வீடியோவில் நொடிக்கு 25 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லி நொடி. ஒலியையோ வழக்கமாக 10 மில்லி நொடிக்கு ஒரு துண்டாக நறுக்குவார்கள், அதனால் வாய்ப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த ஒவ்வொரு படத்தோடும் நான்கு ஒலித் துண்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். போதாததற்கு, பல நேரம் ஒலி வருவதற்கு முன்பே உதடு அசையத் தொடங்கிவிடும்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். ஒலி, படம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பயிற்றுவித்தால் மாடல், அதாவது பேச்சைக் கற்றுக்கொள்ளும் அந்தக் கணினி நிரல், சோம்பேறியாகிவிடுகிறது! ஒலியை வைத்தே விடை கிடைத்துவிடுவதால் உதட்டைக் கவனிப்பதே இல்லை. அதனால் பயிற்சியின் நடுநடுவே வேண்டுமென்றே ஒலியை அணைத்துவிடுவார்கள், சில நேரம் படத்தை. ஒலியோடு உதட்டையும் பார்த்துக் கற்கும், மெட்டா 2022-ல் வெளியிட்ட ஏவி-ஹியூபர்ட் மாடலிலும் இந்த வித்தை உண்டு. பேசுபவர் வாயைக் கையால் மறைத்தாலோ தலையைத் திருப்பிக்கொண்டாலோ ஒலியை மட்டும் நம்பிச் சமாளிக்க மாடல் பழகுவதும் இப்படித்தான்.

மின்விசிறி மாதிரி சீரான சத்தத்தை வடிகட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை, பக்கத்தில் இன்னொருவர் பேசுவதுதான் பெரிய தொல்லை, ஏனென்றால் அதுவும் பேச்சுதானே. எந்தக் குரல் யாருடையது என்பதை உதட்டசைவு காட்டிக்கொடுக்கும், என்னைக் கேட்டால் இந்த முறையின் உண்மையான பலம் அங்கேதான். அமைதியான அறையில் இதனால் பெரிய லாபம் கிடையாது, கேமராவை முகத்துக்கு நேரே வைத்திருப்பதுதான் மிச்சம்.