குடியேற்ற வழக்குக்கு உளவியல் மதிப்பீடு: யாருடைய துன்பத்தைச் சட்டம் கேட்கிறது?

அமெரிக்காவில் உள்ள வழக்கறிஞர் சொன்னதன் பேரில் உளவியல் மதிப்பீடு கேட்டு வருபவர்கள், சேலத்தில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியும் எனக்கு இப்போது புதியவர்கள் அல்லர். ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என எங்கிருந்து வந்தாலும், "மன அழுத்தம் இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க டாக்டர், மத்ததை வக்கீல் பாத்துக்குவார்" என்பதே பெரும்பாலோரின் கோரிக்கை. அப்படியொரு தாளால் வழக்குக்குப் பயன் மிகக் குறைவு. சட்டம் குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட துன்பத்தைப் பற்றிக் கேட்கிறது; அந்தக் கேள்விக்கு விடை தராத அறிக்கை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் கோப்பில் கிடக்கும் கூடுதல் காகிதம்தான்.

குழப்பம் மிகுந்திருப்பது விலக்கு மனுக்களில். அமெரிக்காவில் அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல், ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கித் தாமாக வெளியேறியவருக்கு 3 ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி வெளியேறியவருக்கு 10 ஆண்டுகளும் மறுநுழைவுத் தடை உண்டு. இந்தத் தடைக்கு விலக்குக் கோரும் ஐ-601 மனுவில், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வாழ்க்கைத்துணைக்கு அல்லது பெற்றோருக்கு ஏற்படும் மிகக் கடுமையான இடர்ப்பாட்டையே நிரூபிக்க வேண்டும். ஆகவே மனைவி அமெரிக்காவில் இருக்க, இந்தத் தடையால் சேலத்தில் தூக்கமின்றித் தவிக்கும் கணவரின் மனச்சோர்வோ, இந்தியக் குடிமகளான அவருடைய தாயாரின் நெஞ்சுவலியோ தன்னளவில் கணக்கில் வராது. குழந்தையின் ஏக்கம்கூட, அது அங்குள்ள மனைவியை எப்படிப் பாதிக்கிறது என்ற வழியாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இதைக் கேட்டதும் சிலர் என்மேல் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் விதியை எழுதியது நான் இல்லை.

உளவியல் மதிப்பீடு செய்யப்பட வேண்டியவர் அங்குள்ள மனைவி என்றால், அதை அங்கு உரிமம் பெற்ற உளவியலாளர் செய்வதே முறை. நாம் இங்கிருந்து காணொளியில் செய்ய முற்பட்டால் அந்தந்த மாநில உரிம விதிகள் குறுக்கே வரும். நம்மால் உதவ முடிவது, அவர் கணவரோடு வாழச் சேலத்துக்கு வந்தால் அவருடைய சிகிச்சை என்னவாகும் என்ற கேள்விக்கு. இந்த இடத்தில்தான் மிகைப்படுத்தும் ஆசை வருகிறது. "சேலத்தில் மனநலச் சிகிச்சையே கிடையாது" என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கும்போது அது பச்சைப் பொய். சரிபார்க்கும் அதிகாரிக்கு அதன்பின் அறிக்கையின் எந்த வரியிலும் நம்பிக்கை இருக்காது. ஆனால் அந்த மனைவி ஸ்பானிஷ் மட்டுமே சரளமாகப் பேசுபவர், வாராவாரம் பேச்சுவழிச் சிகிச்சையில் இருப்பவர் என்றால், அதே சிகிச்சையை அவர் மொழியில் இங்கே தொடர்வது எவ்வளவு கடினம் என்பதை உள்ளபடியே எழுதலாம். அது உண்மையாக இருப்பதோடு வழக்குக்கும் வலுச் சேர்க்கும்.

மணமுடித்துச் சென்று, அடிபட்டோ அவமானப்பட்டோ பிறந்த வீடு திரும்பிய பெண்களின் நிலை வேறு. கணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால், பெண்களுக்கெதிரான வன்முறை குறித்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனைவி கிரீன் கார்டு பெறுவதற்காகத் தாமாகவே மனு செய்யலாம். கொடுமை அமெரிக்காவில் நடந்திருந்தால் இங்கிருந்தபடியே செய்யவும் வழி உண்டு. அந்தக் கொடுமையால் மணமுறிவு நேர்ந்திருந்தால், முறிவிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். கணவருக்கு எச்-1பி பணி விசா மட்டுமே என்றால் இந்த வழி இல்லை. எனவே வழக்கறிஞரிடம் எந்தப் பிரிவில் மனு என்று எழுதி வாங்கிக்கொண்டே எங்களிடம் வாருங்கள்.

உடலில் காயம் இல்லாவிட்டாலும் கடுங்கொடுமையைச் சட்டம் ஏற்கிறது என்பதால் இவ்வழக்குகளில் மதிப்பீட்டுக்கு எடை அதிகம். பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தது, அம்மாவோடு பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொன்னது, "விசாவைக் கேன்சல் பண்ணிடுவேன்" என்று மிரட்டியது எல்லாம் எப்போது, எத்தனை முறை, அதன்பின் உறக்கமும் உணவும் எப்படி மாறின என்று கேட்டு எழுதுகிறோம். கூடவரும் அண்ணன், "அவ அழுதுடுவா, நானே சொல்லிடறேன்" என்பார். அன்பில் சொல்வதுதான், ஆனாலும் அவரை வெளியே உட்காரச் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் முன்னால் எந்தத் தங்கையும் படுக்கையறைக் கொடுமையைச் சொல்வதில்லை.

தேதிகள் தனித் தலைவலி. நம் ஊரில் நினைவு ஆங்கில மாதத்தோடு ஓடுவதில்லை. "கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச வாரம்" என்கிறார்கள். அந்தப் பண்டிகை வரும் ஆடி மாதம், ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை நீள்வதால், ஒரு மொழிபெயர்ப்பாளர் ஜூலை என்றும் இன்னொருவர் ஆகஸ்ட் என்றும் எழுதிவிடுகிறார்கள். அடைக்கல வழக்குகளில் இது ஆபத்தானது: 2005-ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டப்படி, கோரிக்கையின் மையத்தைத் தொடாத சிறு முரணையும் நம்பகத்தன்மைக்கு எதிராக எடுத்துக்கொள்ள இயலும். நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருந்து சென்று அங்கே அடைக்கலம் கோருபவருக்கு இங்கிருந்து சிகிச்சைக் குறிப்பு கேட்டால், அவர் சொன்ன சொல்லையே முதலில் பதிந்து, ஆங்கிலத் தேதியைத் தோராயம் என்று குறிப்பிட்டுத் தனியே தருவதே என் வழக்கம். அதிர்ச்சிக்குள்ளானவரின் நினைவு முன்பின்னாக வருவது இயல்பு என்பதையும் அறிக்கை விளக்க வேண்டும். சம்பவம் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. காணும் அறிகுறிகள் அவர் கூறுவதோடு எந்த அளவு பொருந்துகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளோடு அங்கே குடியேறி, குடியுரிமைத் தேர்வுக்கு ஆங்கிலம் வராமல் திணறும் பெற்றோருக்காக, தேர்விலிருந்து விலக்குக் கேட்கும் என்-648 படிவத்தோடும் சிலர் வருகிறார்கள். அதில் அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோதான் கையெழுத்திட முடியும். எங்களைப் போன்ற உளவியலாளர்கள் இங்கே பெறும் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு அதற்குச் செல்லாது. மேலும் அது மறதிநோய் போன்ற குறைபாட்டால் கற்க இயலாதவருக்கானது. வயதும் எழுத்தறிவின்மையும் மட்டும் அதற்குக் காரணமாகா. 50 வயதைக் கடந்து 20 ஆண்டுகளோ, 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகளோ கிரீன் கார்டோடு அங்கே வாழ்ந்தவர் ஆங்கிலத் தேர்வு இன்றியே, குடிமையியல் தேர்வைத் தமிழில் எழுப்பப்படும் கேள்விகளுக்கு விடையளித்து முடிக்கலாம் என்பதால், பலருக்கு அந்தப் படிவமே தேவைப்படாது. தேவைப்படுவோர் சேலத்தில் பார்த்த பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லட்டும். தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட வேண்டும்.