யூரியாப் பைக்குள் வெளிநாட்டுக் கொள்கை

காலபோக நெல் மட்டம் வெடிக்கும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடும், பருவத்தில் யூரியா கிடைக்காவிட்டால், கிளிநொச்சி வயல்களில் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலைகளே. நைதரசன் போதாத பயிர், பழைய இலையில் இருப்பதைப் பிரித்தெடுத்து இளங்குருத்துக்கு அனுப்பித் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்தச் சில வாரங்கள் கடந்த பின் எத்தனை பை பசளை எறிந்தாலும் வெடிக்காமற்போன மட்டங்கள் திரும்பி வருவதில்லை. வர்த்தகத்தை ஆயுதமாக்கும் அரசுகள் குறிவைப்பது இத்தகைய காத்திருக்க முடியாத காலத்தைத்தான்.

பொருளியலாளர் அல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945இல் இதன் பொறிமுறையை விளக்கினார். வர்த்தகத்தால் இரு நாடுகளும் பயனடைகின்றன. ஆனால் அது நின்றுபோனால் இருவருக்கும் ஏற்படும் நட்டம் சமமாக இருப்பதில்லை. வேறு விற்பனையாளரையோ வேறு சந்தையையோ தேட எவருக்கு அதிக காலமும் செலவும் தேவையோ, அவர் மற்றவரின் சொல்லுக்குப் பணிய நேரிடுகிறது. உண்மையில் தடை விதிக்கவும் வேண்டியதில்லை. விதிக்கக்கூடும் என்ற அச்சமே போதும்.

ஆகவே ஆயுதத்தின் வலிமை பொருளுக்குப் பொருள் மாறுகிறது. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ செய்யப்படுவதால், அதைப் பல நாடுகள் விற்கின்றன. பொற்றாசியம் தரும் பசளையான பொட்டாஷ் அப்படியல்ல, நிலத்தடிப் படிவுகளிலிருந்து தோண்டப்படும் அதன் ஏற்றுமதியில் பெரும்பங்கு கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்று நாடுகளின் கையில் உள்ளது. 2021இல் பெலாரஸின் அரச பொட்டாஷ் நிறுவனத்தின்மீது அமெரிக்கா தடை விதித்தது. கடற்கரையே இல்லாத அந்நாட்டின் பொட்டாஷ் தன் துறைமுகத்துக்குச் செல்வதை 2022 பெப்ரவரியில் லித்துவேனியாவும் நிறுத்தியது. ஆனால் பெலாரஸ் ரஷ்யா ஊடாக வழி தேடிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் உலகெங்கும் ஏறிய விலையைச் சுமந்தவர்களில், அந்தத் தகராறோடு எந்தத் தொடர்பும் இல்லாத கமக்காரரும் இருந்தனர் என்பதே எனக்கு மிகவும் உறுத்துகிறது.

மாற்று வழி தேடும் துணிவை இலங்கை ஒருமுறை காட்டியது. கொரியப் போரின்போது, 1951இல், சீனாவுக்கு இறப்பர் போன்ற போர்ப் பயன்பாட்டுப் பொருட்களை விற்கக்கூடாதென ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டது. அப்போது இலங்கை அதன் உறுப்பு நாடாக இருக்கவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடும் இறப்பர் விலை வீழ்ச்சியும் ஒருங்கே நெருக்கியதால், ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை 1952 டிசம்பரில் சீனாவோடு செய்துகொண்டது. அமெரிக்கா தன் உதவியை நிறுத்திவைத்தது. ஆயினும் அரிசி வந்தது.

சலுகையை மீளப்பெறுவதும் இதே ஆயுதத்தின் மற்றொரு வடிவம். மனித உரிமை உடன்படிக்கைகளை இலங்கை போதியளவு நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தி, 2017 மே மாதத்தில் மீள வழங்கியது. அந்த ஆண்டுகளில் அங்கு அனுப்பிய பெரும்பாலான ஆடைகளுக்கு 9.6 சதவீத வரி செலுத்த வேண்டியிருந்தது. உரிமைகளுக்காக எழுப்பப்பட்ட அந்த அழுத்தம் நியாயமானதே என்று கருதுகிறேன். ஆனால் அதன் சுமை, முடிவெடுத்தவர்களைவிடத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்களுக்கே நெருக்கமாக இருந்தது.

வன்னியில் இதைப் பாடமாகப் படிக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடை சொந்த நாட்டு அரசு விதித்தது என்றாலும், இயங்கிய விதம் ஒன்றே. வெடிபொருளுக்குப் பயன்படலாம் என்று யூரியாவும், படைத்தேவைக்கு உதவலாம் என்று எரிபொருளும் பற்றரியும் மறிக்கப்பட்டன. மக்கள் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஆனால் நெற்பயிருக்குத் தேவையான நைதரசனுக்கு அத்தகைய கைவழி எளிதில் அமையவில்லை. மாட்டெருவிலும் குழையிலும் அது மிகக் குறைந்த செறிவிலேயே உண்டு, யூரியாவிலோ 46 சதவீதம்.

பொட்டாஷ் விடயத்தில் மட்டும் நம் கையில் ஒன்று இருக்கிறது. நெற்பயிர் உறிஞ்சும் பொற்றாசியத்தின் மிகப் பெரும்பகுதி நெல்மணியில் அல்ல, வைக்கோலிலேயே தங்குகிறது. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலை எரிக்காமலும் விற்காமலும் வயல் முழுவதும் பரப்பி உழுதுவிட்டால், அடுத்த போகத்துக்கு வாங்கவேண்டிய பொட்டாஷ் கணிசமாகக் குறையும். யூரியாவுக்கு அந்த வழி இல்லாததால், காலபோகம் தொடங்குமுன்பே அதைக் கமநல சேவை நிலையக் களஞ்சியங்களில் சேர்த்துவைப்பதுதான் நாம் அரசிடம் விடாது கேட்கவேண்டிய பாதுகாப்பு.