ஃப்ரண்ட் – முகப்பு

அமெரிக்காவின் இரண்டு நாள் வானிலை முன்னறிவிப்பை எடுத்தால், மழைக்கு முன்னால் ஃப்ரண்ட் வந்து நிற்கும். பேரேரிகள் தொடங்கித் தெற்குச் சமவெளி வரை ஒரு கோல்டு (குளிர்) ஃப்ரண்ட் நீண்டிருக்கிறது, அதையொட்டி இடியுடன் மழை பெய்யும் என்பதுபோல எழுதுவார்கள். வெப்பமண்டல நாடுகளில் இது அரிது என்பதால் நம் செய்திகளில் அந்தச் சொல் புழங்கவில்லை. காதில் விழுந்தாலும் நண்பன் என்றுதான் கேட்கும்.

வெப்பத்திலும் ஈரத்திலும் வேறுபட்ட இரண்டு காற்றுத்திரள்கள் முட்டிக்கொள்ளும் எல்லைதான் ஃப்ரண்ட். அவை எளிதில் கலப்பதில்லை. குளிர்காற்று கனமானது, வெப்பக் காற்றுக்கு அடியில் ஆப்புபோல நுழைந்து அதை மேலே தள்ளும். மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. குளிர்காற்று முன்னேறும்போது எல்லையின் சரிவு செங்குத்தாக இருப்பதால் மேகம் விறுவிறுவென உயரும். குறுகிய பட்டையில் இடி, மின்னல், சட்டென ஒரு கொட்டு. வெப்பக் காற்று முன்னேறினால் அது குளிர்காற்றின் மேல் மெல்ல ஏறும். மேகம் அகலமாகப் படர்ந்து மணிக்கணக்கில் நிதானமாகப் பெய்யும். வரைபடத்தில் முன்னதற்கு நீல முக்கோணங்கள், பின்னதற்குச் சிவப்பு அரைவட்டங்கள். அவை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ அந்தப் பக்கம் நகர்கிறது என்று பொருள்.

சொல்லின் வேர் லத்தீன். 'ஃப்ரோன்ஸ்' என்றால் நெற்றி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்து, முன்புறம், படையின் முன்வரிசை, போர்முனை என்று பொருள் விரிந்தது. அதை வானத்துக்கு ஏற்றியவர்கள் நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள். அவர்களில் ஒருவரான யாக்கோப் பியர்க்னஸ் 1919இல் எழுதிய கட்டுரையில்கூட இந்தச் சொல் இல்லை; வேறு பெயரிட்டு, கோடுகள் என்றே குறித்தார். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. எதிரெதிர்ப் படைகள் ஒரு நீண்ட கோட்டில் மோதிய காட்சி எல்லார் மனத்திலும் இருக்க, காற்றின் மோதலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

போர்ச்சொல்தான் வேண்டுமென்றால் தமிழில் பஞ்சமில்லை. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்னும் குறளில் (767) தார் என்பது முன்னே வரும் படை. அதற்கே தூசி என்றும் பெயர். ஆனால் இன்று தார் சாலையில் கிடக்கிறது, தூசி காற்றில் பறக்கிறது. இரண்டையும் வானிலைக்குக் கொண்டுவந்தால் குழப்பமே மிஞ்சும். முன்னணி என்றால் தேர்தல் கூட்டணி வாசம் அடிக்கிறது. முனை என்பது புள்ளியைச் சுட்டும்; இதுவோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் கோடு.

முகப்புதான் பொருந்துகிறது. முன்னால் தெரியும் பக்கம் என்ற பொருளும் உண்டு. நெற்றிக்கு முகம் பக்கத்து உறவு. குளிர் முகப்பு, வெப்ப முகப்பு என்று தடையின்றி இணைகிறது. இரு திரள்களும் நகராமல் நின்றால் நிலை முகப்பு.

அக்ளூடட் ஃப்ரண்ட்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். குளிர் முகப்பு விரைந்து வந்து முன்னே போகும் வெப்ப முகப்பைப் பிடித்துவிட, இடையில் இருந்த வெப்பக் காற்று தரையை விட்டே தூக்கப்படும் நிலை அது. லத்தீன் மூலத்துக்கு அடைத்தல் என்று பொருள் இருப்பதால் 'அடைபட்ட முகப்பு' என்று சொல்லத் தோன்றும். வெப்பக் காற்று அங்கே அடைபடவில்லை, கிளப்பப்படுகிறது. 'எழும்பிய முகப்பு' என்பதே என் தேர்வு.