பயந்து ஓடிய நாயைத் துரத்த வேண்டாம்

தீபாவளி வெடியும் ஐப்பசி இடிமுழக்கமும் சேர்ந்து வரும் கிழமைகளில்தான் திருகோணமலையில் வீட்டு நாய்கள் அதிகம் தொலைகின்றன. அதற்கு அடுத்தது டிசம்பர் 31 இரவு. கோயில் திருவிழா வாணம், யானை விரட்டப் போடும் வெடி, மதிலுக்குப் பக்கத்தில் வெடித்த லொறி டயர் என்று மற்றக் காரணங்களும் உண்டு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமது கரையைக் கடந்தது போன்ற நாட்களில், மதிலும் வேலியும் சரிந்த வளவுகளில் நாயை எதுவும் தடுத்து நிறுத்தாது. மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். நமக்குச் சத்தமே இல்லாத இடத்திலும் அதற்குச் சத்தம் இருக்கிறது.

நாய் காணாமல் போனதும் வீட்டார் செய்யும் முதல் வேலை, தெருப் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு தேடப் போவது. நாலைந்து மோட்டார் சைக்கிள், டோர்ச் லைட், பெயர் சொல்லிக் கத்தல். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் மிருக வைத்தியராக இத்தனை காலம் நான் கண்டது இதுதான்: தொலைந்த நாய் பசியால் சாவது குறைவு. துரத்தப்பட்டு, நிலாவெளி வீதியில் வாகனத்தின் குறுக்கே பாய்ந்துதான் சாகிறது. இல்லையென்றால் கட்டில்லாத கிணற்றில் விழுகிறது. தண்ணீர் கிடைத்தால் நாய் பல நாள் தாக்குப்பிடிக்கும். பஸ்ஸோடு மோதினால் தாக்குப்பிடிக்காது. ஆகவே நாயைக் கண்டதும் பிடிக்கப் போகாதீர்கள். அது ஓடாமல் நிற்கும்படி செய்வதுதான் முதல் வேலை.

"டொக்டர், நான் கையால சோறு தீத்தி வளத்த நாய். என்னைக் கண்டே ஓடுது" என்று அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நாய் உங்களை வெறுக்கவில்லை என்பதுதான். பயம் உச்சத்துக்குப் போனதும் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. அந்த நிலையில் நாயின் மூளை யார் என்று பார்ப்பதில்லை, ஆபத்தா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. நிமிர்ந்து நேரே வரும் உருவம், நீட்டிய கை, உற்றுப் பார்க்கும் கண், உரத்த குரல் எல்லாம் அதன் கணக்கில் ஆபத்து. உங்கள் குரலையே அந்த நேரம் அது உங்கள் குரலாக எடுத்துக்கொள்ளாமல் விடலாம். ஊரே அதன் பெயரைச் சொல்லித் துரத்திய பிறகு, அந்தப் பெயரும் பயத்தோடு ஒட்டிக்கொள்ளும். மணம் மட்டும் பொய் சொல்லாது. ஆனால் மணம் அதன் மூக்குக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும், நீங்கள் அசையாமல் இருக்க வேண்டும்.

எல்லா நாயும் இப்படியல்ல. பெட்டை நாய் பருவத்துக்கு வந்த வீட்டைத் தேடிப் போன கடுவன், கேற் திறந்திருந்ததால் உலாத்தப் போன குட்டி, இவை கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வரும். கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டம் எடுத்தால், அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். இருந்த இடத்திலேயே பக்கவாட்டாகத் திரும்பிக் குந்துங்கள். நாயைப் பார்க்காமல் நிலத்தைப் பாருங்கள். ஏதோ தின்பண்டம் கீழே விழுந்ததுபோல் தேடுங்கள். பையில் பிஸ்கட் இருந்தால் உறையைச் சரசரக்கச் செய்யுங்கள். பல நாய்களுக்கு அந்தச் சத்தம் வீட்டின் சத்தம்.

இனி, ஊருக்குச் சொல்லும் வேலை. நோட்டீசில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது நாயின் பெயரோ இனமோ அல்ல. "துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம், கண்டால் உடனே போன் பண்ணுங்கள்" என்பதே. படமும் தொலைபேசி இலக்கமும் ஓட்டோவில் போகிறவர் வாசிக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். சன்மானத் தொகையை நான் போட விடுவதில்லை. காசு என்றதும் பத்துப் பேர் வலையோடு கிளம்பிவிடுவார்கள். நமது ஊரில் மூன்று மொழியிலும் எழுதுவது கட்டாயம். மீன் வியாபாரிகள், பால் கொண்டுவருபவர்கள், அதிகாலையில் வீதி கூட்டும் ஊழியர்கள், இவர்களின் கண்ணில்தான் நாய் முதலில் படும். நாயைத் தொடாத முஸ்லிம் குடும்பங்களிடம் கேட்கத் தயங்குபவர்களைப் பார்க்கிறேன். தயங்க வேண்டியதே இல்லை. "தொட வேண்டாம் நானா, கண்டால் ஒரு கோல் மட்டும்" என்றால் போதும். தொடாமல் தூரத்தில் நின்று தகவல் சொல்பவர்தான் நமக்குத் தேவையான ஆள்.

கோட்டைப் பக்கம் போன நாய்க்குத் தனி வழி. பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையைத் தாண்டி நாம் நினைத்தபடி தேட முடியாது. உள்ளே மான்களும் திரிகின்றன. மானைக் கண்டு நாய் பாய்ந்தால் இரண்டுக்கும் ஆபத்து. வாசலில் நிற்கும் சிப்பாயிடம் சிங்களத்தில் எழுதிய நோட்டீசைக் கொடுத்து, மரியாதையாகக் கேட்டுவையுங்கள். இரவுக் காவலில் நிற்பவர்களுக்கு எந்த நாய் எந்த மூலையில் படுக்கிறது என்று தெரிந்திருக்கும். கடற்படைப் பகுதிக்குப் பக்கத்து வீடுகளுக்கும் இதே வழிதான்.

நாய் எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அது பெரும்பாலும் விடியப்புறமும் மாலை மங்கும்போதும் வெளியே வரும். பகலில் பனை வடலிக்குள், கண்டல் ஓரத்தில், ஆளில்லாத வீட்டுப் படிக்குக் கீழே கிடக்கும். ஊர் நாய்கள் தங்கள் எல்லைக்குள் புதிய நாயை விடமாட்டா என்பதால் அது இன்னும் ஒதுங்கும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தினமும் கொஞ்சம் சாப்பாடு வையுங்கள். நிறைய வேண்டாம். வயிறு நிறைந்த நாய் திரும்பி வர அவசரப்படாது. பக்கத்தில் நீங்கள் துவைக்காமல் வைத்திருக்கும் ஒரு சட்டை, இல்லையென்றால் அதன் பழைய சாக்கு. நெத்தலிக் கருவாடு பொரித்த மணமும் கோழி ஈரல் அவித்த மணமும் காற்றில் நெடுந்தூரம் போகும்.

காற்றைக் கவனிக்காமல் இதைச் செய்யக்கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். வாடைக் காலத்தில் கடற்பக்கமிருந்து ஊருக்குள் வரும். நாய் வீதிக்கு மேற்கே பதுங்கியிருக்கும்போது நீங்கள் கடற்கரைப் பக்கம் அடுப்பு மூட்டினால், வாடை அந்த மணத்தை அதன் மூக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாய் மணத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வருமா, வரும். நடுவில் நிலாவெளி வீதி இருப்பதைப் பார்க்காது. சாப்பாட்டுக்கும் நாய்க்கும் இடையில் வீதியோ தண்டவாளமோ திறந்த கிணறோ இருக்கவே கூடாது. வளவுகளில் கட்டில்லாத கிணறு இருந்தால் பலகையோ வலையோ போட்டு மூடச் சொல்லிக் கேளுங்கள்.

உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரின் நாய் இடிக்குப் பயந்து கடற்கரை வடலிக்குள் போய்விட்டது. சாதாரண மண்ணிற ஊர் நாய்தான். உறவினர்கள் எல்லாரும் சுற்றி நின்று கூப்பிட்டதில் அது இன்னும் உள்ளே போயிருந்தது. "எல்லாரும் வீட்ட போங்கோ, ரீச்சரும் மகளும் மட்டும் இருக்கட்டும்" என்று சொன்னேன். ரீச்சர் ஒரு சின்னப் பலகைக் கட்டையைப் போட்டு, வடலிக்குப் பாதி முதுகு காட்டி இருந்தார். மடியில் சுளகு. சுளகில் முருங்கையிலை. இலையை ஆய்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்த மகளிடம் அரிசி விலையைப் பற்றியும் மின்சார பில்லைப் பற்றியும் சாதாரணக் குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். இடைக்கிடை கருவாட்டுத் துண்டு ஒன்றைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போடுவார். நான் வீதிப் பக்கம் தள்ளி நின்று பார்த்தேன். முதலில் ஓலைக்குள் ஒரு மூக்கு. காது தலையோடு ஒட்டியிருந்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்வாங்கியது. பிறகு அடுத்த துண்டு. சேலை முந்தானை நிலத்தில் கிடந்த இடம்வரை வந்து அதை மோந்தது. மோந்தபடியே நின்றது. ரீச்சரின் விரல் இலையைவிட்டு எடுபடவில்லை. திடீரென்று நாயின் உடம்பு முழுவதும் நெளியத் தொடங்கியது. ஒரு மாதிரி முனகிக்கொண்டு சுளகைத் தள்ளிவிட்டு மடியில் ஏறியது. அப்போதும் அவர் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, மற்றக் கையால் கயிற்றை மாட்டினார். இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வராது என்பார்கள். அந்த நேரத்தில் கையில் ஒரு வேலை இருந்தால் வரும்.

அந்த இரண்டு கை வேலையைப் பலர் பிழைவிடுகிறார்கள். சந்தோஷத்தில் தலைக்கு மேலால் பாய்ந்து கழுத்துப்பட்டியைப் பிடிப்பார்கள். நாய் பின்னுக்கு இழுக்கும், மெலிந்த கழுத்திலிருந்து பட்டி உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகு அது கிட்ட வர எத்தனையோ நாள் ஆகும். சுருக்குக் கயிறு ஒன்றும் நெஞ்சுப்பட்டி ஒன்றும் என இரண்டு பிடி போடுங்கள். ஓட்டோவில் ஏற்றுவதானால் இரண்டு பக்கத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள். நாயை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகவே வேண்டாம்.

பலர் என்னிடம் கேட்பது மயக்க மருந்து. "சாப்பாட்டில கலந்து குடுக்க ஒரு குளிசை தாங்கோ." நான் தருவதில்லை, ஏன் என்று சொல்கிறேன். பயத்தில் இருக்கும் நாய்க்கு எவ்வளவு மருந்து எவ்வளவு நேரத்தில் பிடிக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. அசெப்ரோமசின் போன்ற மருந்து உடம்பைத் தளர்த்துமே தவிரப் பயத்தைப் போக்காது. சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடவும் செய்யலாம். அரை மயக்கத்தில் தள்ளாடும் நாய் வீதியில் விழும், களப்பில் இறங்கி மூழ்கும். வெயிலில் கிடந்தால் உடற்சூட்டைச் சமாளிக்கும் சக்தியும் குறைந்துவிடும். வைத்த சாப்பாட்டை வேறு நாயோ பூனையோ தின்னவும் கூடும். ஊசித் துப்பாக்கியும் சினிமாவில் காட்டுவதுபோல் உடனே விழுத்தாது. குத்து வாங்கிய நாய் முதலில் ஓடும், பல நிமிடம் கழித்துத்தான் எங்கோ விழும். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, பழகியவர்கள் கையால் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. அதைவிட, பாரம் பட்டால் கதவு விழும் கூட்டை வெல்டிங் கடையில் செய்விப்பது நல்லது. வைத்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நமது வெயிலில் தகரக் கூட்டுக்குள் நாயை விட்டுவிட்டுப் போவது கொலைக்குச் சமம்.

மூலைக்குள் அகப்பட்ட நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால், கீறினால், ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "எங்கட நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள். தொலைந்திருந்த நாட்களில் அதை எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. மஞ்சளோ மிளகாய்த்தூளோ காயத்தில் வைக்கக் கூடாது. அரச ஆஸ்பத்திரிகளில் விசர்நாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தேடிப் போன இடத்தில் வாயிலிருந்து எச்சில் வடிய, பின்கால் தள்ளாட, காரணமில்லாமல் பாயும் நாயைக் கண்டால் கிட்டவே போகாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

நாய் கிடைத்ததும் குளிப்பாட்டவும் ஆட்டிறைச்சி ஆக்கிப்போடவும் கை துடிக்கும். இரண்டையும் தள்ளிப்போடுங்கள். பல நாள் பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாக ஏற்றினால் இரத்தத்தில் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சியும் கோழி ரசமும் சிறிது சிறிதாகப் பல தடவை. பல் முரசு வெளிறியிருக்கிறதா, பாதத்தின் தோல் உரிந்திருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம். ஒரு கிழமை கழித்தும் அது தலைகாட்டும். உடம்பு அனலாகக் கொதித்து மூச்சிரைத்தால் தண்ணீரால் நனைத்து மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு உடனே கொண்டுவாருங்கள். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் கொடுக்க வேண்டாம். புண்ணில் புழு இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கடிகாயம் இருந்தால் விசர்நாய்க்கடித் தடுப்பூசி மறுபடியும் போட வேண்டும். அந்த நோய் வெளிப்பட வாரங்கள், சிலவேளை மாதங்கள்கூட ஆகலாம்.

திரும்பி வந்த நாய் மறுபடியும் ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். ஒன்றுக்குப் போக வளவுக்குள் விடும்போதும் கயிற்றோடு விடுங்கள். கழுத்துப்பட்டியில் அழியாத மையால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்கு ஒரு கிழமை முன்பே வந்து என்னையோ உங்கள் வைத்தியரையோ பாருங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை வெடி தொடங்குவதற்கு முன்பே, நாயின் நிறைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். அன்றிரவு கேற்றைப் பூட்டி, உள் அறை ஒன்றில் யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் ரேடியோவையும் போட்டு, நாயோடு ஒரு ஆள் இருங்கள்.