ஓநாய்க்கு இரண்டாம் கிழமை, நாய்க்கு நான்காம் கிழமை

உப்புவெளிக் கரையில் திரியும் ஒரு கட்டாக்காலி நாயைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போன முறை அது ஏற்றி வைத்த வள்ளத்தின் கீழ் குட்டி போட்டது. அந்தக் குட்டிகள் வாடியில் வேலை செய்பவர்களின் காலையே சுற்றிக்கொண்டிருந்தன. இந்த முறை தாழம்பற்றைக்குள் போட்டது. மூன்று மாதமாகியும் கையை நீட்டினால் ஓடுகின்றன. தாய் ஒன்றுதானே, ஏன் இப்படி?

இதற்கு விடை சொல்ல ஓநாயிடம் போகவேண்டும். நாயின் மூதாதை சாம்பல் ஓநாய். இரண்டுக்கும் 78 நிறமூர்த்தங்கள். இணைந்தால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் இனம்பெருக்கும். மாட்டையும் ஆட்டையும் பழக்குவதற்கு முன்பே மனிதர் நாயைப் பழக்கிவிட்டார்கள். ஜெர்மனியின் பொன்-ஓபர்காசலில் 1914இல் கிடைத்த, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைய புதைகுழியில் ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதம் நிரம்பாத ஒரு நாய்க்குட்டி. பிறகு பயிர்ச்செய்கை வந்தது. மாப்பொருளைச் செரிக்கும் அமிலேசு நொதிக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிகள்தான். நாய்களில் 4 முதல் 30 வரை. நம் தெருநாய் சோற்றில் வாழ முடிவது இதனால்.

ஆனால் அச்சம் போன விதம்தான் அழகு. அமெரிக்க ஆய்வாளர் கத்ரின் லோர்ட் 7 ஓநாய்க் குட்டிகளையும் 43 நாய்க் குட்டிகளையும் கிழமைக்குக் கிழமை சோதித்து 2013இல் வெளியிட்டது இது: இரண்டிலும் புலன்கள் ஒரே வயதில்தான் விழிக்கின்றன. மணம் 2ஆம் கிழமை, கேட்டல் 4ஆம் கிழமை, பார்வை 6ஆம் கிழமை. கண் அதற்கு முன்பே திறந்திருக்கும், உருவம் தெளியாது. வேறுபாடு கால்களில். ஓநாய்க் குட்டி 2ஆம் கிழமையே தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்து உலகை ஆராய்கிறது. நாய்க் குட்டி 4ஆம் கிழமை வரை தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறது.

புதியதை அச்சமின்றி ஏற்கும் பருவம் இரண்டுக்கும் ஏறக்குறைய நான்கு கிழமை நீள்கிறது. நடக்கத் தொடங்கும்போது அது திறக்கிறது. ஓநாய்க் குட்டி அதற்குள் நுழையும்போது மூக்கு மட்டுமே வேலை செய்கிறது. காது கேட்கத் தொடங்கியதும் ஒவ்வொரு சத்தமும் திடுக்கிட வைக்கிறது. பார்வை வந்ததும் ஒவ்வொரு உருவமும். நாய்க் குட்டி வெளியே வரும்போது மணமும் ஒலியும் கைவசம், பார்வையும் பின்னாலேயே வந்துவிடுகிறது. மீன்வாடை வீசும் கை, கூப்பிடும் குரல், குனியும் முகம், மூன்றும் சேர்ந்து ஒரே மனிதராக அதன் மூளையில் பதிகின்றன. ஓநாயைப் பழக்க, அது பிறந்து மூன்று கிழமை ஆகுமுன்பிருந்தே இரவுபகலாகக் கூட இருக்கவேண்டும். நாய்க்கு 4 முதல் 8 கிழமைக்குள் மொத்தம் 90 நிமிடப் பழக்கம் போதும் என்கிறார் லோர்ட்.

பற்றைக் குட்டிகளுக்கு அந்த 90 நிமிடம் கிடைக்கவில்லை.

அடுத்த ஈற்றுக்கு, பிறந்த நாளைக் குறித்து வையுங்கள். 4ஆம் கிழமை முதல் நாளும் பத்து நிமிடம், தாய்க்குத் தள்ளிச் சோறு வைத்துவிட்டு, நிலத்தில் பக்கவாட்டாக உட்காருங்கள். குட்டி தானாக வந்து மோக்கட்டும். பிள்ளைகள், குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர் என ஆளை மாற்றுங்கள். தூர நின்று மீன் எறிந்தால் குட்டி மீனைத்தான் பழகும், கையை அல்ல. எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவேண்டாம். பல்லோ நகமோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரித்து நூல் கட்டிக்கொண்டு காத்திருந்தால் விசர்நாய்க்கடி உயிரைக் கொண்டுபோய்விடும். அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

இத்தகைய ஆய்வுக்குக் கோடிகள் வேண்டாம். குறிப்புப் புத்தகமும் மணிக்கூடும் பொறுமையுள்ள இரண்டு மாணவரும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் இதற்குச் சிறு நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போதிருக்கும் மூன்று மாதக் குட்டிகளுக்கு அந்த நான்கு கிழமைச் சிறந்த பருவம் கடந்துவிட்டாலும், பழகும் வாய்ப்பு முழுதாக மூடிவிடவில்லை. 12 முதல் 14ஆம் கிழமைக்குள் அது ஒடுங்கிக்கொண்டு வரும். பிடிக்கத் துரத்தாமல், ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே தட்டு. ஒவ்வொரு நாளும் தட்டை ஒரு சாண் கிட்ட வையுங்கள்.