எழுதி எழுதித் தேய்ந்த சிப்

"காருக்குள் இன்டர்நெட், ஆப் எல்லாம் வந்துவிட்டதே, ஃபோன் மாதிரி காரும் சீக்கிரம் பழசாகிவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழசாவது இருக்கட்டும், தேய்ந்தே போகும். டெஸ்லாவுக்கு அதுதான் நடந்தது.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களை அந்த நிறுவனம் ரீகால் செய்தது, அதாவது கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. 2018 தொடக்கம் வரை தயாரித்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்கள். நடுவிலிருக்கும் பெரிய தொடுதிரை செத்துப்போனது. பாட்டு போனால் போகட்டும். ரிவர்ஸ் கேமராவும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் பொத்தானும் அந்தத் திரைக்குள்தானே இருக்கின்றன!

குற்றவாளி, தகவலைச் சேமித்துவைக்கும் 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி சிப்.

இந்தச் சிப்பில் தகவலை வைக்கும் குட்டி அறைக்கு செல் என்று பெயர். அதற்குள் 'மிதக்கும் கேட்' என்று ஒன்று உண்டு. சுற்றிலும் ஆக்சைடு சுவர், எந்த வயரும் அதைத் தொடாது. எளிமையாகச் சொன்னால், உள்ளே எலக்ட்ரான்கள் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறாது. சரி, கதவே இல்லாத இடத்துக்குள் எப்படிப் போயின? சில நானோமீட்டர் தடிமனுள்ள அந்தச் சுவரைத் தாண்டும் ஆற்றல் எலக்ட்ரானுக்குக் கிடையாது. ஆனால் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் சுவரைத் தாண்டாமலே அந்தப் பக்கம் போய்விடும். குவாண்டம் டனலிங்! பள்ளி இயற்பியல்படி நடக்கவே கூடாதது உங்கள் பென்டிரைவில் சாதாரணமாக நடக்கிறது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் சே இருவரும் மிதக்கும் கேட்டை முன்வைத்தது 1967இல். பென்டிரைவில் இருக்கும் நாண்ட் வகை ஃப்ளாஷ் வர அதன்பின் 20 வருடமானது. அடுத்த காலாண்டு லாபத்தைப் பார்த்து ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பவர்களிடம் இது தேறியிருக்காது.

ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் ஆக்சைடு கொஞ்சம் சேதமாகும், சில எலக்ட்ரான்கள் அதிலேயே சிக்கிக்கொள்ளும். கடைசியில் 0 எது, 1 எது என்றே தெரியாது. டெஸ்லா சிப்புக்கு வரம்பு சுமார் 3,000 முறை. காரின் மென்பொருளோ நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கை ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிளாக்கும் (ஒன்றாக அழிக்கப்படும் செல்களின் தொகுதி) நாளுக்கு 1.4 முறை அழித்தெழுதப்படுவதாக வைத்து, ஐந்தாறு வருடத்தில் கதை முடியும் என்று கணக்கிட்டது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு.

காரின் ஆயுள் முழுக்க இப்படியொரு பாகம் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது டெஸ்லா. பிரேக் பேடும் தேயும்தான். ஆனால் அது கழற்றி மாற்றவென்றே செய்த பாகம், தேய்ந்தால் கிறீச்சிட்டுச் சொல்லிவிடும். டெஸ்லாவின் வாதம் எனக்கு ஒப்பவில்லை. பொறியாளர்கள் மேல் மட்டும் இரக்கம் வருகிறது: சிப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு, ஆறு வருடம் கழித்து வரும் அப்டேட் எவ்வளவு எழுதும் என்று எப்படித் தெரியும்?

எழுதுவதைக் குறைக்க அப்டேட்களும் அனுப்பிப் பார்த்தார்கள். சேதமான ஆக்சைடை எந்த அப்டேட்டும் ஆற்றாது. கடைசியில் 64 ஜிபி சிப் போட்டுக் கொடுத்தார்கள். எழுதும் அளவு அப்படியே இருந்தாலும், எட்டு மடங்கு இடத்தில் பிரிவதால் ஒவ்வொரு பிளாக்கின் முறையும் அவ்வளவு தாமதமாகத்தான் வரும்.